பத்து நாள் சாகக்கூடாத நாய்

புருஷோத்தமனுக்கு நாய் என்றால் ஆகாது. பயம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், அதனால் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவான். கேட்டால், அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்பான். பெண் பார்க்கப் போன முதல் வீட்டில் வாசலிலேயே ஒரு நாயைக் கட்டியிருந்தார்கள். "பொண்ணு நல்லாத்தான் கீது, வூடு வாணாம்" என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தவன் அவன். இரண்டாவதாகப் பார்த்த வீட்டில் பசுமாடு மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டுப் பெண்தான் காவேரி.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வயல் வழியாக ஒன்றரை மைல் உள்ளே தள்ளி அவன் ஊர். அப்பா விட்டுப்போன நிலம் இரண்டு பிள்ளைகளுக்குக் காணாது என்று அண்ணன் ஏர் பிடித்தான், இவன் கம்பெனிக்குப் போனான். போனான் என்றால் ஒரே கம்பெனி இல்லை. நாலு வருஷத்தில் ஐந்து கம்பெனி. எல்லா இடத்திலும் டெம்பரரி. ஆறு மாதமோ ஏழு மாதமோ ஆனதும் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. கடைசியாக மறைமலை நகரில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனி அவனை முறைப்படி எடுத்தது. ஆறு மாதம் ப்ரொபேஷன், ஒழுங்காக முடித்தால் பர்மனெண்ட். 1991 மார்ச் முப்பத்தொன்றோடு அந்த ஆறு மாதம் முடிகிறது.

ஒழுங்காக என்பதற்கு அங்கே ஒரே அர்த்தம்தான், லீவு போடாமல். கூடச் சேர்ந்தவர்களில் ஒருவன் மஞ்சள் காமாலை வந்து படுத்தான், இன்னொருவன் தங்கை கல்யாணம் என்று நாலு நாள் நின்றான். திரும்பி வந்தபோது இரண்டு பேரையும் கேட்டோடு அனுப்பிவிட்டார்கள். புருஷோத்தமன் பொங்கலன்றுகூட ஓவர்டைம் பண்ணினான். பர்மனெண்ட் என்ற சொல்லை அவனும் காவேரியும் வீட்டுக்குள் சத்தமாகச் சொல்வதுகூட இல்லை, கண் பட்டுவிடும் என்று.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் கூட்டுரோட்டுக்கு ஆறு மணிக்கு வரும். ரோட்டைச் சுற்றிப் போனால் நாலு மைல், வரப்பு வழியாகப் போனால் அரைமணி நேரம். வரப்பில் சைக்கிள் போகாது. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, விடியும் முன்னே நடந்துவிடுவான்.

தை மாதக் கடைசியில் அந்த நடைக்கு ஒரு ஆபத்து வந்தது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை ராத்திரி மடக்கி வைப்பார்கள். கிடை போடுவது என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு எரு. ஒரு வயலில் இரண்டு மூன்று ராத்திரி, பிறகு அடுத்த வயல். கிடை நகர்ந்தால் காவல் நாயும் நகரும். நேற்று வரை ஊர்க்காரன் வரப்பாக இருந்தது இன்று நாயின் வரப்பு. இதனால் புருஷோத்தமன் தினமும் சாயங்காலம் டீக்கடையில் யாருக்கும் சந்தேகம் வராதபடி விசாரிப்பான். "எங்கப்பா, இன்னிக்குக் கெடை யார் கொல்லையில?" நிலத்தின்மேல் அவ்வளவு அக்கறையா என்று டீக்கடைக்காரருக்கு ஆச்சரியம்.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள்தானே என்று அசதியில் விசாரிக்க மறந்தான். திங்கட்கிழமை விடியற்காலை அவன் வழக்கமாகப் போகும் வரப்பை ஒட்டியே முந்நூறு ஆடுகள் படுத்திருந்தன. பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டு மூத்திர வாடை மூக்கில் ஏறியபோது பாதி தூரம் வந்துவிட்டான்.

முதலில் உறுமல்தான் கேட்டது. பிறகு ஒரு செவலை நாய் வரப்பின்மேல் ஏறி நின்றது. இடது காதில் பாதி இல்லை. அசையாமல் நின்றால் நாய் விட்டுவிடும் என்று நாடு முழுக்கச் சொல்கிறார்கள். புருஷோத்தமனுக்கும் தெரியும். ஆனால் கூட்டுரோட்டில் பஸ் நிற்காதே. பத்து நொடி நின்று பார்த்தான், பிறகு ஓடினான். நாய் துரத்தி வந்து வலது ஆடுசதையில் பேண்ட்டோடு சேர்த்துக் கவ்வியது. அவன் கத்திய கத்தலில் அது விட்டதா, இல்லை கிடையிலிருந்து யாரோ "தே!" என்று அதட்டியதில் விட்டதா தெரியாது. டிபன் டப்பா வாய்க்காலில் கிடந்தது. அவன் பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கை கழுவும் இடத்தில் கிரீஸ் போக்குவதற்கு வைத்திருந்த மஞ்சள் சோப்பை எடுத்து, காலைத் தூக்கிக் குழாயடியில் வைத்து, எரிய எரியத் தேய்த்தான். ஷிப்ட் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான். இரண்டு பல் பதிந்த தடம், ஒரு சிராய்ப்பு. டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?"

"கம்பெனி சோப்பு மேடம். தோலே வந்துடும்போல."

"நல்ல காரியம் பண்ணீங்க. நாய் யாரோடது, தெரியுமா?"

"கெடை நாய் மேடம்."

"அப்ப கண்ணுல படுற நாய்தான். பத்து நாள் அதைப் பாருங்க. தினமும் பாக்கணும். நல்லா சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, குலைச்சுக்கிட்டு இருந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லை. சோர்ந்து ஒரு மூலைல படுத்தாலோ, செத்துப்போனாலோ, காணாமப் போனாலோ அன்னிக்கே வந்துடணும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. தினம் ஒண்ணு. ஒரு நாள்கூட விடக்கூடாது."

பதினாலு நாள் செங்கல்பட்டு. புருஷோத்தமனுக்கு ஊசியின் நீளம்கூடக் கண்ணில் வரவில்லை. கம்பெனி கேட்தான் வந்தது. சாத்திய கேட்.

உயிரும் உத்தியோகமும் ஒரு அரைக்காது நாயின் கையில் போய் மாட்டிக்கொண்டன. வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் காவேரி அந்த ராத்திரியே காதைப் பிடித்துச் செங்கல்பட்டுக்கு இழுத்துப் போவாள் என்று பயந்து, பேண்ட் வேலிக் கம்பியில் கிழிந்தது என்றான். டப்பா பஸ்ஸில் மறந்துபோனது என்றான். இந்தப் பொய் என்ன வேலை செய்யும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

நாயைக் கண்டால் தெருவை மாற்றுகிற ஆள், அன்று சாயங்காலம் முதல் நாயைத் தேடிப் போக ஆரம்பித்தான். மந்தை மேய்ந்து திரும்பும் நேரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிற்பான். செவலை நாய் அவனைக் கண்டதும் காட்டுக்கத்தலாகக் குலைக்கும். அவன் இரண்டடி பின்வாங்குவான், மனசு குளிரும். செவ்வாய், புதன், வியாழன், குலைப்புக்குக் குறைவில்லை. சின்னப்பையன் என்ற கிடைக்காரர், ஐம்பது வயதிருக்கும், தலைப்பாகைக்குள் பீடி செருகியிருப்பவர், இவன் தினமும் வந்து நின்று திட்டு வாங்குவதுபோலக் குலைப்பு வாங்கிக்கொண்டு போவதை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனான். கிடை இல்லை. சதுரமாகப் புழுக்கை பரப்பிக் கிடந்தது, அதன்மேல் இரண்டு காக்கை. அடுத்த வயல், அதற்கடுத்த வயல், ஏரிக்கரை வரை ஓடிப் பார்த்தான். ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது காவேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வெற்றி.

"வேலிக் கம்பியா கடிச்சுது ஒன்ன? துணி தோய்க்கிறப்ப பாத்தேன், ரெண்டு ஓட்டை, சுத்தி ரத்தம். அப்புறம் பக்கத்து வூட்டு சரோஜா சொல்லிச்சு, திங்கக்கெழம நீ வரப்புல ஓடுன ஓட்டத்த. போனேன் கெடைக்கு. நாலு பொம்பளைங்களையும் இட்டுக்கினு போனேன். எம் புருஷன கடிச்ச நாய இன்னிக்கே அடிச்சிப் பொதை, இல்லேன்னா ஊரக் கூட்டுவேன்னு சொன்னேன் பாரு. மத்தியானத்துக்குள்ள மூட்டையக் கட்டிக்கினு ஓடிட்டான்."

புருஷோத்தமன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

காவேரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் கடித்த நாய்க்கு இதுதான் தீர்ப்பு. நாயை அடித்துக் கொன்றால் கடிபட்டவனுக்கு நியாயம் கிடைத்தாயிற்று, விவகாரம் தீர்ந்தது. கடித்த நாய் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவன் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அவன் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரம்மா சொன்னது, பத்து நாள், பதினாலு ஊசி, கேட். கேட்கக் கேட்க அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?" என்றாள். கோபமே இல்லாத குரல், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நீ பயந்துக்குவன்னுதான்."

"இப்ப பயமா இல்லியா எனக்கு?"

அவள்தான் முடிவு சொன்னாள். "ஞாயித்துக்கெழம பொழுது சாயற வரைக்கும் தேடுவோம். நாய் கெடைக்கலேன்னா திங்கக்கெழம காலையில செங்கல்பட்டு. வேலையாவது மண்ணாவது. நீ இருந்தாத்தான் எனக்கு எல்லாம்." நாலு வருஷம் பர்மனெண்டுக்காக வேண்டிக்கொண்டவள் அதைச் சொல்லும்போது தடுமாறவே இல்லை. அன்று ராத்திரியே ஒரு பையில் துண்டு, இரண்டு சட்டை, ஒரு டம்ளர் எல்லாம் எடுத்து வைத்துக் கதவோரம் மாட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இன்னொரு பழக்கமும் வந்தது. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அவன் தொண்டையையே பார்ப்பாள். வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீர் இறங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் கடகடவென்று குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவான்.

சனிக்கிழமை வைப்பூர்ப் பக்கம் விசாரித்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சைக்கிளை வாங்கிக்கொண்டு, காவேரியைக் கேரியரில் உட்காரவைத்து, எழிச்சூர்ப் பக்கம் போனான். கிடை போகும் பாதையை மறைக்க முடியாது. வயல் வயலாகப் புழுக்கைச் சதுரம் கிடக்கும். பழையது காய்ந்து கறுத்திருக்கும், புதியது பச்சையாக மினுக்கும். காவேரி இறங்கி இறங்கிக் காலால் நசுக்கிப் பார்த்தாள். "இது ரெண்டு நாளுது." "இது வேற மந்தை, வெள்ளாடு." மாட்டுக்கார வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு கண் பார்வையில் தெரிந்தது. எழிச்சூரில் கிடைத்தது இன்னொருவர் கிடை. அவர்தான் சொன்னார், சின்னப்பையன் வெள்ளிக்கிழமை அவசர அவசரமாக வல்லக்கோட்டைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார் என்று.

வல்லக்கோட்டைக்கு அப்பால், தண்ணீர் வற்றிய ஏரி ஓரம், மூன்று மணி வெயிலில் அந்த மந்தையைக் கண்டார்கள். சின்னப்பையனையும் கண்டார்கள். அவரும் இவர்களைக் கண்டார், முக்கியமாகக் காவேரியைக் கண்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நாயைக் காணோம்.

"அண்ணே, அந்தச் செவல நாய்..." என்று புருஷோத்தமன் சைக்கிளை விட்டு இறங்குமுன்னே ஆரம்பித்தான்.

"அன்னிக்கே அடிச்சிப் பொதைச்சிட்டேன் தம்பி. இந்தம்மா சொல்லிட்டுப் போன கையோட. ஒண்ணும் மனசுல வச்சிக்காத."

சைக்கிள் கீழே விழுந்தது. புருஷோத்தமன் வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நாளைக்குச் செங்கல்பட்டு. செத்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று இனி யார் சொல்வது? ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் எத்தனை நாள் ராத்திரி தூங்காமல் கிடப்பது? மார்ச் முப்பத்தொன்று எங்கேயோ தூரத்தில் தெரிந்து மறைந்தது. காவேரி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "என் வாய்தான்! பாழாப்போன வாய்! வாயில்லாத ஜீவன நானே கொன்னுட்டு எம் புருஷனுக்கும் எமன் ஆயிட்டேனே!"

சின்னப்பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாயைக் கொல்லச் சொல்லி நாலு பேரோடு வந்த பொம்பளை, நாய் செத்ததற்கு மாரடிக்கிறாள். கடிபட்டவன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான்.

"இன்னாம்மா இது? நீதான் கொல்லச் சொன்ன?"

"தெரியாம சொல்லிட்டேண்ணா! அது பத்து நாளு உசுரோட இருந்தாத்தான் இவருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க. தெனம் வந்து வந்து பாத்தது அதுக்குத்தான்!"

சின்னப்பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏரிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மீனம்மா! அவுத்து வுடு!"

ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற மூங்கில் கூடு ஒன்று கருவேல மரத்தடியில் கவிழ்ந்திருந்தது. மேலே கோணி போட்டு மூடியிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மீனம்மாள் கோணியை இழுத்து, கூட்டைச் சாய்த்து, ஒரு துணிக்கட்டையும் அவிழ்த்தாள். வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். அரைக்காது முதலில் வந்தது, பிறகு முழு நாயும் வந்தது. இரண்டு நாள் ஒளிந்து கிடந்த ஆத்திரம் எல்லாம் சேர்த்து, ஏரியே அதிரக் குலைத்துக்கொண்டு நேராகப் புருஷோத்தமனை நோக்கி ஓடி வந்தது.

"புடிங்கண்ணா!" என்று காவேரி அலறினாள்.

"வாணாம், வாணாம், கொலைக்கட்டும் வுடுங்க!" என்றான் புருஷோத்தமன், வரப்புக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தபடி. கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து எந்தக் குலைப்பும் அவன் காதில் அப்படி இனித்ததில்லை.

சின்னப்பையன் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷமா மந்தையக் காக்குது தம்பி. ஓநாய்கிட்ட வுட்டது அந்தக் காது. இத எப்படி அடிக்கிறது? ஊரக் கூட்டுவன்னதும் பொய் சொல்லிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்."

"நானும் பொய் சொன்னேண்ணே, வூட்ல. அதுலதான் இவ்ளோவும்."

அடுத்த நாட்களில் ஷிப்ட் முடிந்து ஊருக்கு வந்ததும் அண்ணன் சைக்கிளில் ஏரிக்கு விரைவான். பெட்டிக்கடையில் பொறை ரொட்டி வாங்கித் தூரத்திலிருந்து வீசுவான். நாய் பொறையைத் தின்றுவிட்டு அவனைக் குலைக்கும். வீட்டு வாசலில் காவேரி நிற்பாள். தினமும் ஒரே கேள்வி, "கொலைச்சுதா?" அவனுடைய ஒரே பதில், "கொலைச்சுது." பிறகு தண்ணீர்ச் சொம்பு.

வியாழக்கிழமை பத்தாவது நாள் முடிகிறது. அன்று போனபோது நாய் கருவேல மரத்தடியில் படுத்திருந்தது. இவனைப் பார்த்தது. குலைக்கவில்லை. தலையைக் காலின்மேல் வைத்துக்கொண்டது.

புருஷோத்தமன் சைக்கிளை அப்படியே நிறுத்தினான். சோர்ந்து மூலையில் படுத்தாலோ என்று டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் ஒலித்தது. சைக்கிள் மணியை அடித்தான். நாய் கண்ணைத் திறந்து மூடியது. "தே!" என்றான். ஒன்றுமில்லை. பொறையை வீசினான். மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"அண்ணே, நாய்க்கு இன்னா ஆச்சு? கொலைக்கலியே!"

சின்னப்பையன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். "பத்து நாளா வர்ற. மந்தை ஆளுன்னு நெனச்சிக்கிச்சு. மத்தியானம் ஆட்டுக்குடல் போட்டேன், வயிறு ரொம்பிக் கெடக்குது. இதுக்கு மேல ஒன்ன எதுக்குக் கொலைக்கணும்?"

அவன் நம்பவில்லை. நம்ப எவ்வளவோ ஆசை, ஆனால் கால் நகரவில்லை. சின்னப்பையன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அலுமினியச் சட்டியில் தண்ணீர் மொண்டு வந்து நாயின் முன்னே வைத்தார். நாய் சோம்பல் முறித்து எழுந்தது. சட்டியை முகர்ந்தது. புருஷோத்தமன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிறகு அது நாக்கை விட்டு, சளப் சளப் என்று, சட்டி தரையில் நகரும்படி குடித்தது. அடி வரை நக்கியது. குடித்து முடித்ததும் நேராக நடந்து அவனிடம் வந்து, பத்து நாளைக்கு முன் கடித்த காலை மோந்து பார்த்து, வாலை ஆட்டியது. அவன் அசையாமல் நின்றான். ஆனால் அதைத் தொடவில்லை. அவ்வளவு தைரியம் அவனுக்கு அன்றும் வரவில்லை, என்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். காவேரி வாசலில் நின்றாள், கையில் சொம்பு.

"கொலைச்சுதா?"

"கொலைக்கல."

சொம்பு தளும்பிற்று. அவள் கண் கதவோரம் மாட்டியிருந்த பையின் பக்கம் போனது.

"வாலாட்டிச்சு" என்றான். "ஒரு சட்டி தண்ணி குடிச்சுட்டு, கிட்ட வந்து வாலாட்டிச்சு."

காவேரி அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள். அழுது முடித்ததும் பையைக் கழற்றித் துண்டையும் சட்டையையும் எடுத்துக் கொடியில் போட்டாள். சொம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவன் குடிக்கிறானா இல்லையா என்று பார்க்காமல், அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.